ஹார்த்ஸ்டோனில் முதல் டெக்: புதியவர் எங்கிருந்து தொடங்குவது?

ஹார்த்ஸ்டோன் என்ற கணினிச் சீட்டாட்டத்தில் நான் முதன்முதலாக அமைத்த டெக்கில், அதாவது ஆடக் கொண்டுபோகும் கார்டுக் கட்டில், ஏழு மானாவும் அதற்கு மேலும் விலையுள்ள கார்டுகள் மட்டுமே ஒன்பது இருந்தன. மானா என்பது ஒரு கார்டை இறக்கக் கொடுக்க வேண்டிய விலை. கைவசம் இருந்தவற்றுள் எவை பெரியவையோ, எவற்றின் ஓவியம் மிரட்டலாக இருந்ததோ, அவற்றையெல்லாம் அள்ளிப் போட்டிருந்தேன். எதிரே ஆடியவர் ஒரு மானா, இரண்டு மானா விலையுள்ள சிறு விலங்குகளை ஒவ்வொன்றாக இறக்கி, ஆறாவது முறையிலேயே எனக்காகக் களத்தில் நிற்கும் ஹீரோவின் 30 உயிர்ப்புள்ளிகளையும் தீர்த்து வென்றுவிட்டார். அந்த நேரத்தில் ஒரு டிராகனும் இரண்டு அரக்கர்களும் இறங்க வழியில்லாமல் என் கையிலேயே உட்கார்ந்திருந்தன. டெக் அமைப்பது என்பது நல்ல கார்டுகளைச் சேர்ப்பதன்று, ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்றைச் செய்ய வழி வைத்துக்கொள்வது என்பது அதற்குப் பிறகும் பல ஆட்டங்கள் தோற்ற பின்புதான் எனக்குப் புரிந்தது. புதியவர்கள் அதை முதல் நாளிலேயே தெரிந்துகொள்ள முடியும் என்பதால் இதை எழுதுகிறேன்.

பிளிஸார்ட் நிறுவனம் 2014 மார்ச்சில் வெளியிட்ட இந்த ஆட்டத்தைக் கணினியிலும் கைப்பேசியிலும் பணம் கட்டாமலேயே ஆடலாம். ரம்மியில் கட்டு எல்லோருக்கும் பொது. குலுக்கிப் போட்டபின் கைக்கு வந்ததை வைத்துச் சமாளிக்க வேண்டும். இங்கே ஒவ்வொருவரும் தமக்கான கட்டைத் தாமே தேர்ந்தெடுத்துக்கொண்டு வருகிறார்கள். டெக்கில் 30 கார்டுகள் இருக்க வேண்டும். ஒரே கார்டு இரண்டுக்கு மேல் கூடாது. மிக அரிதான லெஜெண்டரி வகையில் ஒன்றுக்கு மேல் கூடாது. டெக்கின் அளவையே 40 ஆக்குகிற விதிவிலக்கான கார்டும் உண்டு. அதைப் பற்றிப் புதியவர் கவலைப்பட வேண்டியதில்லை.

ஒரு ஹீரோவோடு நில்லுங்கள்

ஆட்டத்தில் ஹீரோக்கள் இப்போது பதினொரு வகுப்புகளாகப் பிரிந்திருக்கிறார்கள். தொடக்கத்தில் இருந்தவை ஒன்பது. 2020இல் டீமன் ஹண்டரும் 2022இல் டெத் நைட்டும் சேர்ந்தன. ஒவ்வொரு வகுப்புக்கும் உரிய கார்டுகளை மற்ற வகுப்புகள் பயன்படுத்த முடியாது. ஆகவே இன்று மேஜ், நாளை பாலடின், மறுநாள் ரோக் என்று தாவிக்கொண்டிருப்பவரிடம் பதினொரு அரைகுறை டெக்குகள் சேருமே தவிர, ஒரு முழு டெக் சேராது. ஒரு வகுப்பைத் தேர்ந்து, குறைந்தது ஒரு மாதம் அதிலேயே நிற்பது நல்லது.

எதைத் தேர்வது என்று கேட்டால் ஹண்டர் என்பேன். ஹீரோ பவர் என்பது ஒவ்வொரு முறையும் பெரும்பாலும் இரண்டு மானா கொடுத்துப் பயன்படுத்தக்கூடிய நிலையான ஆற்றல்; ஹண்டருக்கு அது எதிரி ஹீரோவின் மீது நேராக 2 சேதம் செய்கிறது. எதைக் குறிவைப்பது என்று யோசிக்கவே வேண்டாம். கையில் கார்டு தீர்ந்துபோன முறையிலும் ஆட்டம் முன்னேறிக்கொண்டிருக்கும். மேஜின் ஹீரோ பவர் 1 சேதம்தான், ஆனால் எதன்மீதும் செலுத்தலாம் என்பதால் குறிபார்த்து அடிக்கப் பழகிக்கொள்ள அது உதவும். 2 உயிர்ப்புள்ளிகளை விட்டுக்கொடுத்து ஒரு கார்டு எடுக்கிற வார்லாக்கும் மலிவான டெக்குக்கு ஏற்றதுதான், தன் உயிரைச் செலவாக எண்ணிப் பார்க்கும் துணிச்சல் வந்தபிறகு. பிரீஸ்ட், வாரியர் போன்ற வகுப்புகளை நீண்ட ஆட்டத்துக்கு அமைப்பவர்கள், எதிரியிடம் என்னென்ன கார்டு இருக்கக்கூடும் என்பதை முன்பே அறிந்திருக்க வேண்டும். அந்த அறிவு நூறு ஆட்டங்களுக்குப் பிறகு வருவது. தாக்குகிற டெக்கை வைத்திருப்பவருக்கு அது இல்லாமலும் ஓரளவு காலம் தள்ளலாம்.

மானாவை எண்ணிப் பழகுங்கள்

முதல் முறையில் ஒரு மானா, இரண்டாவதில் இரண்டு என்று ஒவ்வொரு முறையும் ஒன்று கூடி, பத்தில் நிற்கும். செலவழிக்காத மானா அடுத்த முறைக்கு வராது, வீணானது வீணானதுதான். ஐந்தாவது முறை முடியும்போது ஒவ்வொருவருக்கும் கிடைத்திருக்கும் மானா மொத்தம் 15. முதல் இரண்டு முறையும் சும்மா இருந்தவர், பிறகு ஒரு துளி விடாமல் செலவழித்தாலும் 12தான் பயன்படுத்தியிருப்பார். அந்த மூன்று மானா வித்தியாசத்தில்தான் எதிரியின் மினியன்கள், அதாவது களத்தில் இறங்கி நின்று சண்டையிடும் கார்டுகள், முதலில் நிற்கின்றன. எதன்மீது மோதுவது, எதை விட்டுவிட்டு ஹீரோவை அடிப்பது என்ற தேர்வும் முதலில் நிற்பவர் கைக்குப் போய்விடுகிறது.

இனி எத்தனை மலிவான கார்டுகள் வேண்டும் என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். முதலில் ஆடுபவர் மூன்று கார்டுகளோடு தொடங்கி, இரண்டாவது முறைக்குள் மொத்தம் ஐந்து கார்டுகளைப் பார்த்துவிடுவார். 30 கார்டு டெக்கில் இரண்டு மானா கார்டுகள் நான்குதான் என்றால், அந்த ஐந்தில் ஒன்றாவது அப்படிப்பட்டதாக இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 54 விழுக்காடு. நாணயத்தைச் சுண்டிவிட்டுப் பார்ப்பதைவிடச் சற்றே மேல். ஆறு வைத்தால் அது 70 ஆகிறது. எட்டு வைத்தால் 81ஐத் தாண்டுகிறது. தொடக்கத்தில் வேண்டாத கார்டுகளை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பையும் சேர்த்தால் இன்னும் கூடும். அதே கணக்கில், ஒரே ஒரு பிரதியாக இருக்கிற லெஜெண்டரி கார்டு நான்காவது முறைக்குள் கைக்கு வரும் வாய்ப்பு 23 விழுக்காடுதான். அதாவது நீங்கள் பெருமையாக வைத்திருக்கும் அந்த ஒரு கார்டு நான்கில் மூன்று ஆட்டங்களில் ஆட்டத்தின் முற்பகுதிக்கு வந்தே சேராது. டெக்கை அதன்மேல் கட்டினால் என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

தாக்கும் டெக்குக்கு நான் எடுத்துக்கொள்ளும் பங்கீடு இதுதான்: ஒரு மானா கார்டுகள் ஐந்து, இரண்டு மானா எட்டு, மூன்று மானா ஏழு, நான்கு மானா ஐந்து, ஐந்து மானா மூன்று, ஆறும் அதற்கு மேலும் சேர்த்து இரண்டு. கூட்டிப் பார்த்தால் 30 வரும். சராசரி விலை மூன்று மானாவை ஒட்டி நிற்கும். ஒன்றிரண்டு முன்னே பின்னே ஆனால் குடி முழுகிவிடாது. ஆனால் ஆறு மானாவும் அதற்கு மேலும் உள்ளவை நான்கைத் தாண்டினால், ஏன் தாண்டின என்பதற்குக் காரணம் சொல்ல முடிய வேண்டும்.

இடங்களை நிரப்புவது

புதிய கணக்கு தொடங்கியவர் கையில் ஒன்றுமே இருக்காது என்று நினைக்க வேண்டாம். 2021இலிருந்து கோர் செட் என்ற அடிப்படைத் தொகுப்பு எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. ஆடி நிலை உயர உயர அதன் கார்டுகள் திறந்துகொண்டே வரும். அந்தத் தொகுப்பு ஆண்டுதோறும் மாறுவதால், இன்ன 30 கார்டுகளை எடுங்கள் என்று பட்டியல் கொடுத்தால் அது அடுத்த வசந்த காலத்தில் செல்லாக்காசாகிவிடும். எந்த வேலைக்கு எத்தனை என்று சொல்வதே நெடுநாள் பயன்படும்.

இருபது முதல் இருபத்திரண்டு இடங்கள் மினியன்களுக்கு. களத்தில் ஒரே நேரத்தில் ஏழு மினியன்கள்வரை நிற்கலாம். தாக்கும் டெக்கின் பலம் அவைதான். ஒரு மினியன் விலைக்குத் தகுந்ததா என்று பார்க்கப் பழைய ஆட்டக்காரர்களிடம் ஒரு வாய்பாடு உண்டு: மானாவை இரண்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் வரும் எண்ணிக்கை, தாக்குதலும் உயிரும் சேர்ந்த கூட்டுத்தொகையாக இருக்க வேண்டும். இரண்டு மானாவுக்கு ஐந்து. நான்கு மானாவுக்கு ஒன்பது. எந்தச் சிறப்பு ஆற்றலும் இல்லாத சில்விண்ட் யெட்டி நான்கு மானாவுக்கு 4 தாக்குதல், 5 உயிர் என்று இந்த அளவுகோலுக்கே செய்து வைத்ததுபோல் இருக்கும். இப்போது வருகிற கார்டுகள் பலவும் இதைத் தாண்டிப் போகின்றன என்றாலும், சந்தேகம் வரும்போது பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடியாக இது உதவுகிறது. கூட்டுத்தொகை குறைந்தால், குறைந்த அளவுக்கு அந்தக் கார்டு வேறு ஏதாவது தருகிறதா என்று படித்துப் பாருங்கள்.

கூட்டுத்தொகை ஒன்றாக இருந்தாலும் அது எப்படிப் பிரிந்திருக்கிறது என்பது முக்கியம். பிளட்ஃபென் ராப்டர், ரிவர் குரோக்கலிஸ்க் இரண்டுமே இரண்டு மானா. முன்னது 3 தாக்குதல், 2 உயிர். பின்னது 2 தாக்குதல், 3 உயிர். இரண்டும் மோதினால் இரண்டும் சாகும். ஆனால் எதிரே மேஜ் இருந்து தன் ஹீரோ பவரால் ஒன்றொன்றாகச் சுடும்போது ராப்டர் இரண்டு முறையில் போய்விடும்; குரோக்கலிஸ்க்குக்கு மூன்று முறை வேண்டும். பாலடின் களத்தில் விடும், 1 தாக்குதலும் 1 உயிரும் மட்டுமே உள்ள சிப்பாய்களோடு மோதினால், ராப்டர் ஒன்றை வீழ்த்தி ஓர் உயிரோடு நிற்கும். குரோக்கலிஸ்க் இரண்டை வீழ்த்திவிட்டும் நிற்கும். எதிரி ஹீரோவை விரைவில் வீழ்த்துவதே நோக்கமான டெக்கில் ராப்டரின் அந்தக் கூடுதல் ஒரு தாக்குதல், களத்தில் நிற்கும் ஒவ்வொரு முறைக்கும் வட்டிபோல் சேருகிறது. நீங்கள் எப்படி வெல்லப் போகிறீர்கள் என்பதை முடிவுசெய்யாமல் இவற்றுள் எது நல்லது என்று சொல்லவே முடியாது.

மீதியுள்ள எட்டு முதல் பத்து இடங்கள் ஸ்பெல் எனும் மந்திரக் கார்டுகளுக்கும் ஆயுதங்களுக்கும். வழியில் குறுக்கே நிற்பதை அகற்றவும், கடைசி அடியைக் கொடுக்கவும் ஒரே கார்டு பயன்படுமானால் அதுவே சிறந்த தேர்வு. ஹண்டரின் கில் கமாண்ட் அப்படிப்பட்டது: மூன்று மானாவுக்கு 3 சேதம், களத்தில் உங்கள் விலங்கு ஒன்று இருந்தால் 5 சேதம். மேஜின் ஃபயர்பால் நான்கு மானாவுக்கு 6 சேதம். கார்டு எடுத்துத் தரும் கார்டுகள் இரண்டு முதல் நான்கு இருக்கட்டும். மலிவான டெக்கின் பெரிய குறை, கை சீக்கிரம் காலியாகிவிடுவது. ஐந்தாவது முறைக்குள் முதலில் ஆடுபவர் பார்ப்பது எட்டு கார்டுகளே, அவற்றில் ஏழை இறக்கிவிட்டால் அடுத்து ஒவ்வொரு முறையும் மேலிருந்து வருகிற ஒற்றைக் கார்டை நம்பித்தான் ஓட வேண்டும்.

புதியவர்கள் வழக்கமாகத் தவறுகிற இடம் ஒன்று உண்டு. ‘உன்னிடம் டிராகன் இருந்தால்’, ‘இந்த முறை வேறொரு கார்டு ஆடியிருந்தால்’ என்று நிபந்தனை போடும் கார்டுகளைப் படிக்கும்போது, நிபந்தனை நிறைவேறிய காட்சிதான் மனத்தில் ஓடும். டிராகன்கள் மூன்றே இருக்கிற டெக்கில் அந்த நிபந்தனை பெரும்பாலும் நிறைவேறாது. அத்தகைய கார்டுக்குத் துணையாக ஏழு எட்டு கார்டுகளாவது இருந்தால் சேருங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். 30 இடங்களையும் நிரப்ப முடியாமல் தவித்தால், மிச்சத்தை ஆட்டமே நிரப்பித் தரும் வசதியும் இருக்கிறது. அது தருவதை அப்படியே ஏற்காமல், மேலே சொன்ன பங்கீட்டோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளலாம்.

பிறர் டெக்கைப் படியெடுப்பது தவறா என்று சிலர் கேட்பார்கள். தவறே இல்லை. ‘ஏ, ஏ, ஈ’ என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் நீண்ட குறியீட்டை நகலெடுத்துவிட்டுப் புதிய டெக் திறந்தால், அந்தப் பட்டியலை இறக்கிக்கொள்ளலாமா என்று ஆட்டமே கேட்கும். உங்களிடம் இல்லாத கார்டுக்கு மாற்று தேடும்போது அதே இனத்தையோ அதே அரிதுத் தரத்தையோ தேடாமல், அதே விலையில் அதே வேலையைச் செய்வதைத் தேடுங்கள். இரண்டு மானாவில் இறங்கி அடிக்கிற ஒன்று இல்லையென்றால், இரண்டு மானாவில் இறங்கி அடிக்கிற இன்னொன்று.

டஸ்ட்டும் தங்கமும்

வேண்டாத கார்டைக் கரைத்தால் டஸ்ட் கிடைக்கும். அதைக் கொடுத்து வேண்டிய கார்டை உருவாக்கலாம். அரிதுத் தரத்துக்கு ஏற்ப விலை ஏறும்: காமன் கார்டு உருவாக்க 40, ரேர் 100, எபிக் 400, லெஜெண்டரி 1600. கரைத்தால் வருவதோ முறையே 5, 20, 100, 400. நான்கு லெஜெண்டரிகளைக் கரைத்தால்தான் ஒன்று கிடைக்கும். எட்டு காமன்களுக்கு ஒரு காமன். அடகுக் கடைக்காரர்கூட இதைவிடக் கூடுதலாகத் தருவார். கோர் செட் கார்டுகளைக் கரைக்கவே முடியாது என்பது ஒருவகையில் புதியவருக்குப் பாதுகாப்பு.

முதல் இரண்டு வாரம் டஸ்ட்டைத் தொடாமல் இருப்பதே என் அறிவுரை. இருபது காமனும் பத்து ரேரும் கொண்ட முழு டெக்கை ஒன்றுமில்லாமையிலிருந்து உருவாக்கினால்கூட 1800 டஸ்ட்தான் ஆகும். ஒரே ஒரு லெஜெண்டரிக்கு 1600. நான் சேர்த்து வைத்த முதல் 1600ஐயும் ஒரு லெஜெண்டரிக்குக் கொடுத்தேன். அதற்குத் துணையான கார்டுகள் என்னிடம் இல்லை. அவை சேர்வதற்குள் வசந்த காலம் வந்து, அந்தக் கார்டு ஸ்டாண்டர்ட் முறையிலிருந்தே வெளியேறிவிட்டது.

அது ஏன் வெளியேறியது என்பதைச் சொல்ல வேண்டும். 2016 முதல் ஆட்டம் ஸ்டாண்டர்ட், வைல்ட் என்று பிரிந்திருக்கிறது. வைல்டில் எல்லாக் காலத்துக் கார்டுகளும் செல்லும். ஸ்டாண்டர்டில் கோர் செட்டோடு நடப்பு ஆண்டிலும் முந்தைய ஆண்டிலும் வந்த தொகுப்புகள் மட்டுமே; அந்த ஆண்டுக் கணக்கு வசந்த காலத்தில் தொடங்கும். ஆண்டுக்கு மூன்று பெரிய தொகுப்புகள் வருகின்றன. ஆண்டின் முதல் தொகுப்பு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஸ்டாண்டர்டில் இருக்கும், கடைசியில் வருவது அதைவிடப் பல மாதங்கள் குறைவாகவே இருக்கும். ஆகவே வசந்த காலத்துக்குச் சற்று முன்பு ஆட வந்தவர், வெளியேறப் போகும் பழைய தொகுப்புகளில் ஒரு காசும் போடாமல் காத்திருப்பதே புத்திசாலித்தனம்.

ஆட்டத்துக்குள் கிடைக்கும் தங்கத்தைப் பேக் எனும் கார்டுப் பொதி வாங்க வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து கார்டுகள் கொண்ட ஒரு பேக் 100 தங்கம். ஒரு தொகுப்பின் முதல் பத்துப் பேக்குகளுக்குள் லெஜெண்டரி ஒன்று உறுதியாக வரும். ஒரே தொகுப்பில் தொடர்ந்து வாங்கிக்கொண்டிருப்பதைவிட, ஸ்டாண்டர்டில் நெடுநாள் நீடிக்கும் தொகுப்புகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் பத்துப் பேக் திறப்பது புதியவருக்கு லாபம். உண்மைப் பணத்தைப் பொறுத்தவரை, ஒரு மாதம் ஆடிப் பார்த்து, எந்த வகை டெக் தமக்குப் பிடிக்கிறது என்று தெரிவதற்கு முன் செலவழிக்க வேண்டாம். நிறுவனம் ஒரு கார்டின் வலிமையைக் குறைத்தால், அறிவித்த சில நாட்களுக்கு அதைக் கரைப்பவருக்கு உருவாக்கும் விலை முழுவதும் திரும்பக் கிடைக்கும். அந்தச் சமயங்களில் மட்டும் அவசரப்படலாம்.

டெக்கை ஆடித் திருத்துவது

முதலில் ஆடுபவருக்கு மூன்று கார்டுகள். இரண்டாவதாக ஆடுபவருக்கு நான்கு கார்டுகளோடு, ஒரு முறை மட்டும் ஒரு மானா கூடுதலாகத் தரும் நாணயமும் வரும். வேண்டாதவற்றைத் தள்ளி வேறு எடுத்துக்கொள்ளும் இந்தக் கட்டத்தை மலிகன் என்பார்கள். டெக் நன்றாக அமைந்தும் இங்கே சறுக்குபவர்கள் அதிகம். உங்கள் கைக்கு இரண்டு, ஐந்து, ஏழு மானா கார்டுகள் வந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஏழைத் தள்ள யாருக்கும் தயக்கமில்லை; ஐந்தைக் கண்டதும் ‘இது என் நல்ல கார்டாயிற்றே’ என்று கை நின்றுவிடும். அதையும் தள்ளுங்கள். அது இறங்குவதற்கு நான்கு முறை இருக்கிறது. அதற்குள் ஆட்டத்தின் போக்கே முடிவாகிவிடலாம். தாக்கும் டெக்கில் ஒன்று, இரண்டு மானா கார்டுகளை வைத்துக்கொள்ளவும், இரண்டு மானா ஏற்கெனவே கையில் இருந்தால் மூன்று மானாவையும் வைத்துக்கொள்ளவும், மற்றதெல்லாம் திரும்பிப் போகட்டும்.

இருபது ஆட்டம் ஆடும்வரை டெக்கை மாற்றாதீர்கள். பாதி ஆட்டங்களில் வெல்லும் சாதாரண டெக்கும் பத்து ஆட்டத்தில் ஏழோ அதற்கு மேலோ வெல்லும் வாய்ப்பு 17 விழுக்காடு இருக்கிறது. அதே அளவுக்கு ஏழோ அதற்கு மேலோ தோற்கும் வாய்ப்பும் இருக்கிறது. பத்து ஆட்டத்தின் முடிவை வைத்து டெக்கைக் கலைப்பவர், வெறும் தற்செயலைத் துரத்திக்கொண்டிருக்கிறார். வென்றதா தோற்றதா என்பதைவிட, தோற்ற ஒவ்வொரு ஆட்டத்தின் முடிவிலும் கையில் எந்தக் கார்டு மிஞ்சியிருந்தது என்பதைக் குறித்து வையுங்கள். நான் ஒரு துண்டுச் சீட்டில் பெயரை எழுதிப் பக்கத்தில் கோடு போடுவேன். இருபது ஆட்டத்தில் ஒரே பெயருக்கு எதிரே ஆறு ஏழு கோடுகள் விழுந்திருந்தால், அந்தக் கார்டு எவ்வளவு அரிதாக இருந்தாலும் வெளியே போக வேண்டியதுதான். ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு கார்டுகளை மட்டும் மாற்றினால்தான் எந்த மாற்றம் என்ன செய்தது என்று தெரியும்.

வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம், வைரம் என்று ஏறுகிற படிநிலையில் இத்தகைய மலிவான டெக் எதுவரை போகும் என்பது ஆடுபவரைப் பொறுத்தது. ஆனால் ஒரு கட்டத்தில் உங்கள் தோல்விகள் ஒரே மாதிரியாக இருக்கக் காண்பீர்கள்: எதிரி ஆறாவது, ஏழாவது முறையில் களத்தை மொத்தமாகத் துடைத்துவிடுவார், உங்கள் கையில் மீண்டும் நிரப்ப ஒன்றும் இருக்காது. சேர்த்து வைத்த டஸ்ட்டை எடுக்க வேண்டிய நேரம் அதுதான். அப்போது எந்த லெஜெண்டரி வலிமையானது என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. துடைத்த களத்தை மறுபடி நிரப்பித் தருவதோ, கையை நிரப்பித் தருவதோ எதுவென்று உங்கள் வகுப்பின் கார்டுகளில் தேடினால் போதும்.